ஊட்டி உருளைக்கு விதை எங்கே?

எங்கள் கீழ்க்கட்டளைக் காய்கறிக் கடைகளில் உருளைக்கிழங்கை இரண்டு கூடைகளில் வைத்திருப்பார்கள். ஒன்று சாதா. ஆக்ரா, கோலார், குஜராத் என்று பருவத்துக்கு ஒரு ஊரிலிருந்து வருவது. இன்னொன்று ஊட்டி. அதற்கு விலை எப்போதும் கூடுதல். சில நாள் அந்தக் கூடை காலியாகவே கிடக்கும். சென்ற மாதம் என்னோடு நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர் ஒருவர், "சார், நீங்க பாட்டனி வாத்தியார்தானே, ஊட்டி உருளை ஏன் முன்ன மாதிரி வர்றதில்லை?" என்று கேட்டார். ஏரிக்கரையில் நடந்தபடியே பாதிதான் சொல்ல முடிந்தது. முழுக்கதையையும் இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சுருக்கமான பதில்: ஒரு புழு, அப்புறம் விதை. நீண்ட பதிலுக்கு நீலகிரி, பாரிஸ் பக்கம் ஒரு ஆய்வகம், வியட்நாமில் ஒரு மலையூர், சிம்லா என்று கொஞ்சம் சுற்ற வேண்டும்.

முதலில் விதை. உருளைக்கிழங்கில் நாம் விதை என்று சொல்வது விதையே அல்ல. அது மண்ணுக்குள் பருத்த தண்டு. அதில் இருக்கும் 'கண்' என்பது தண்டின் கணு. கரும்புக்குக் கரணை, முருங்கைக்குப் போத்து மாதிரி, உருளைக்குக் கண் உள்ள கிழங்கு. அசல் விதையும் உண்டு. செடி பூத்துக் காய்த்தால் சின்னப் பச்சைத் தக்காளி போலக் காய் பிடிக்கும் (அதைத் தின்றுவிடாதீர்கள், விஷம்). அதற்குள் விதை இருக்கும். ஆனால் அந்த விதையைப் போட்டால் வரும் செடிகள் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு முகமாக இருக்கும். சந்தைக்கு வேண்டியது ஒரே முகம். அதனால்தான் உலகம் முழுவதும் கிழங்கையே நடுகிறார்கள்.

இதை யோசித்துப் பார்த்தால் விசித்திரம். குஃப்ரி ஜோதி என்ற ரகம் 1968-இல் வெளியானது. இன்று எங்கே விளையும் ஜோதியும் அந்த ஒரே செடியின் உடம்பு. வெட்டி நட்டு, வெட்டி நட்டு, ஐம்பது ஆண்டுக்கும் மேலாக அந்த ஒரே செடி வளர்ந்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தாய்க்கு வந்த நோய் அப்படியே பிள்ளைக்கும் போகும். அசல் விதை வழியாகப் பெரும்பாலான வைரஸ்கள் போவதில்லை. கிழங்கு வழியாக எல்லாமே போகும். அசுவினிப் பூச்சி ஒரு செடியில் சாறு குடித்துவிட்டு அடுத்த செடியில் உட்கார்ந்தால் வைரஸ் இடம் மாறும். செடி செத்துவிடாது. இலை சுருளும், கிழங்கு கொஞ்சம் சிறுக்கும். அந்தக் கிழங்கை அடுத்த போகத்துக்கு நட்டால் இன்னும் சிறுக்கும். நாலைந்து போகத்தில் போட்ட முதல் வராது.

ஐரோப்பாவில் இதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார்கள். காரணம் தெரியவில்லை. ரகத்துக்கு வயதாகிவிட்டது, மூப்பு தட்டிவிட்டது என்று நினைத்தார்கள். வைரஸ் என்ற ஒன்று இருப்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் தெரியவந்தது.

நீலகிரிக்கு உருளையைக் கொண்டுவந்தது வெள்ளைக்காரர்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் தன் நாட்டுக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். அவற்றில் உருளையும் ஒன்று. தொரைமார் சாப்பாட்டுக்கு வந்த கிழங்கைப் படுக விவசாயிகள் எடுத்துக்கொண்டார்கள். மலைச்சரிவெல்லாம் உருளையானது. நீர்ப்போகம், கார்போகம், கடைப்போகம் என்று வருஷத்துக்கு மூன்று பட்டம். மூட்டைகள் மலையிறங்கி மேட்டுப்பாளையம் மண்டிக்கு வரும், அங்கிருந்து தமிழ்நாடு முழுக்கப் போகும். சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் அங்கே கோலோச்சியது 'கிரேட் ஸ்காட்' என்ற பிரிட்டிஷ் ரகம். அதற்குப் பின்பருவக் கருகல் நோய் ஆகாது. அயர்லாந்தில் 1845-இல் தொடங்கிய பஞ்சத்துக்குக் காரணமான அதே கருகல்தான். மழையும் மூடுபனியுமாக இருக்கும் நீலகிரி அதற்குத் தோதான இடம்.

இதற்காகத்தான் 1957-இல் ஊட்டியை அடுத்த முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வந்தது. தலைமை நிறுவனம் 1949-இல் பாட்னாவில் தொடங்கி 1956-இல் சிம்லாவுக்கு மாறியிருந்தது. சிம்லாவுக்குப் பக்கத்தில் குஃப்ரி என்ற மலைக் கிராமம். அங்கே கோடையில் பகல் நீளம், உருளை நன்றாகப் பூக்கும், மகரந்தம் மாற்றி ஒட்டுச் சேர்க்கலாம். அதனால் அங்கே பிறந்த ரகங்களுக்கெல்லாம் குஃப்ரி என்பது வீட்டுப் பெயர். நீலகிரிக்கென்று வெளியிட்டவற்றுக்கு நம் பக்கத்துப் பெயர்களும் வைத்தார்கள். குஃப்ரி நீலா, குஃப்ரி நீலமணி, குஃப்ரி முத்து. இமயமலை வீட்டுப் பெயரும் தமிழ்ச் செல்லப் பெயரும் சேர்ந்த இந்தக் கலப்புத் திருமணம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

கருகலுக்கு வழி பிறந்துகொண்டிருந்த நேரத்தில் 1961-இல் அடுத்த இடி. இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் நிலையத்திலிருந்து வந்த நூற்புழு நிபுணர் ஜோன்ஸ், உதகை விஜயநகரம் பகுதியில் ஒரு வயலில் செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார். வேரில் ஊசிமுனை அளவில் மஞ்சள் முத்துகள் ஒட்டியிருந்தன. தங்க நூற்புழு. இந்தியாவில் அதற்கு முன் பதிவாகாதது. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை இதன் தாய்வீடு. விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடுதான் இது நாடு விட்டு நாடு போகும். நம் மலைக்கும் என்றோ ஒரு நாள் வெளிநாட்டு விதைக்கிழங்கில் ஏறி வந்திருக்க வேண்டும்.

இந்தப் புழுவின் சாமர்த்தியம் அதன் கூட்டில் இருக்கிறது. பெண் புழு வேரில் ஒட்டிக்கொண்டு உருண்டையாகப் பருத்து, அப்படியே செத்து, அதன் தோலே தடித்த உறையாகிவிடும். உள்ளே சில நூறு முட்டைகள். அந்த உறை மண்ணில் இருபது ஆண்டு கூடக் கிடக்கும். மழை, வெயில், உழவு எதற்கும் அசையாது. என்றைக்கு உருளையின் வேர் பக்கத்தில் வந்து தன் சாற்றைக் கசிய விடுகிறதோ, அன்றைக்கு முட்டை பொரியும். சாப்பாடு வந்த பிறகுதான் கண் விழிப்பது. மூன்று போகமும் உருளையே போட்ட மலையில் அதற்குப் பந்தி ஓயவே இல்லை. பிறகு வெண்ணிற வகையும் அங்கே இருப்பது தெரிந்தது. கொடைக்கானலிலும் புழு தென்பட்டது.

இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனைப் பசுமைப் புரட்சிக்காகத்தான் எல்லோருக்கும் தெரியும். வேளச்சேரி தாண்டினால் தரமணியில் அவர் 1988-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, பலர் தினமும் அந்த வழியாகப் போகிறோம். கோதுமைக்கு முன் அவர் உருளைக்கிழங்கு ஆள். 1949-இல் யுனெஸ்கோ உதவித்தொகையில் நெதர்லாந்தின் வாகனிங்கனுக்குப் போய் அவர் எடுத்துக்கொண்ட வேலையே தங்க நூற்புழுவைத் தாங்கும் உருளையை உருவாக்குவதுதான். பிறகு கேம்பிரிட்ஜில் 1952-இல் முனைவர் பட்டம், அடுத்து அமெரிக்காவின் விஸ்கான்சின், அங்கும் உருளைதான். நீலகிரியில் இந்தப் புழுவைக் கண்டுபிடிப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பே ஒரு தமிழர் கடல் கடந்து போய் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்.

அவர் தேடிய மாதிரியான ரகம் நம் மலைக்கு 1985-இல் வந்தது. குஃப்ரி ஸ்வர்ணா. ஒரு பக்கம் ஜோதி, மறுபக்கம் சொலானம் வெர்னியை என்ற தென்னமெரிக்கக் காட்டு உருளையின் ரத்தம். இரண்டு வகை நூற்புழுவையும் தாங்கும், கருகலையும் ஓரளவு தாங்கும். ஆனாலும் விவசாயிகளுக்கு ஜோதியை விட மனம் வரவில்லை. சந்தை கேட்பது அதைத்தான். ரகத்தை ஆராய்ச்சியாளர் வெளியிடலாம், விலை சொல்வது மண்டி.

இதற்கு நடுவே 1971-இல் நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை வந்தது. நியாயமான தடைதான். புழு பரவக் கூடாதல்லவா? ஆனால் மலையில் இருப்பவனுக்கு இதன் அர்த்தம் வேறு. விதை வியாபாரம் போயிற்று. தன் வயலில் எடுத்த கிழங்கையே நட்டால் வைரஸும் புழுவும் சேர்ந்து வரும். வெளியிலிருந்து வாங்கினால் செலவு. உருளை சாகுபடியில் பெரிய செலவே விதைதான். நெல்லுக்குக் கிலோ கணக்கில் விதைக்கிறோம், இதற்கு மூட்டை மூட்டையாக நட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவுகள் தேயிலைக்கும் கேரட்டுக்கும் மாறின. கடையில் கூடை காலியாகக் கிடப்பதன் காரணம் இங்கே தொடங்குகிறது.

அப்படியானால் சுத்தமான விதை எங்கே கிடைக்கும்? ஒரே செடியின் உடம்பாக இருக்கிற பயிரில் நோயில்லாத உடம்பு எங்கே மிச்சம் இருக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது ஒரு பிரெஞ்சுக்காரர்.

செடியின் ஒரு துணுக்கைக் கண்ணாடிக்குள் உயிரோடு வைத்திருக்க முடியுமா என்று 1902-இலேயே ஹாபர்லாண்ட் என்ற ஆஸ்திரியர் முயன்றார். இலையிலிருந்து பிரித்த செல்கள் சில வாரம் உயிரோடு இருந்தன, ஆனால் ஒன்று இரண்டாகவில்லை. 1930-களில் வேர் நுனியும் கேரட் துண்டும் கண்ணாடியில் வளர்ந்தன. அந்தக் காலத்தில் வைரஸ் பிடித்த செடிகளை ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். செடி முழுக்க வைரஸ் இருந்தாலும் குருத்தின் உச்சியை நெருங்க நெருங்க அது குறைகிறது. சாறு கடத்தும் குழாய்கள் அந்த உச்சிவரை போகவில்லை. செல்களும் அங்கே வைரஸ் எட்டிப் பிடிப்பதற்குள் பெருகிவிடுகின்றன.

வெர்சாய் ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் மோரெல், தன் சகா மார்ட்டினோடு சேர்ந்து அந்த உச்சியை மட்டும் வெட்டி எடுத்தார். 1952-இல் டாலியாப் பூச்செடியில், 1955-இல் உருளையில். எவ்வளவு வெட்ட வேண்டும் என்றால், மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு. கடுகை எடுத்துக்கொண்டு அதில் பத்தில் ஒரு பாகத்தை நினைத்துப் பாருங்கள். நுண்ணோக்கியின் கீழ்தான் வெட்ட முடியும். கொஞ்சம் பெரிதாக வெட்டினால் வைரஸும் கூட வரும், இன்னும் சிறிதாக வெட்டினால் துணுக்கு பிழைக்காது. பிழைத்தது வளர்ந்து செடியானது, அதில் வைரஸ் இல்லை. ரகத்துக்கு மூப்பு இல்லை, நோய்தான் இருந்தது என்பது அங்கே நிரூபணமானது. மோரெல் பிறகு இதே முறையை ஆர்க்கிட் செடிகளுக்குப் பயன்படுத்தப் போய், உலக ஆர்க்கிட் வியாபாரமே அதன் மேல் எழுந்தது.

மோரெலின் துணுக்குக்குச் சாப்பாடு வேண்டும். அமெரிக்காவில் ஸ்டூவர்ட் 1958-இல் கேரட் செல்களிலிருந்து முழுச்செடியை வளர்த்தபோது ஊட்டத்தில் சேர்த்தது நம் இளநீர்தான். செல்களைப் பெருகவைக்கும் ஏதோ ஒன்று அதில் இருக்கிறது என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. விஸ்கான்சினில் ஸ்கூக் என்பவர் புகையிலைத் திசுவை வைத்து அந்த 'ஏதோ ஒன்றை'த் துலக்கினார். ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரண்டு ஹார்மோன்களின் விகிதத்தை மாற்றினால் அதே திசு வேர் விடும், அல்லது தளிர் விடும். 1962-இல் அவரும் முராஷிகேயும் வெளியிட்ட ஊட்டக் கலவையைத்தான் இன்றும் உலகத்தின் பெரும்பாலான ஆய்வகங்கள் பயன்படுத்துகின்றன. நம் நாட்டிலும் சும்மா இருக்கவில்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குஹாவும் சதீஷ் மகேஸ்வரியும் 1964-இல் ஊமத்தையின் மகரந்தப்பையிலிருந்து செடியை எழுப்பி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: உருளை, புகையிலை, ஊமத்தை எல்லாம் ஒரே குடும்பம். கத்தரி, மிளகாய், தக்காளி, சுண்டைக்காய், மணத்தக்காளியும் அதே வீடுதான். கண்ணாடிக் குழாய்க்குள் மனம் கோணாமல் குடித்தனம் செய்யும் குடும்பம் அது.

செய்முறையை நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். லிட்டருக்கு முப்பது கிராம் சர்க்கரை, முராஷிகே-ஸ்கூக் உப்புகள், கெட்டியாக்க ஏழெட்டு கிராம் அகர். அகர் என்றால் வீட்டில் இனிப்பு செய்கிற கடல்பாசிதான். அமிலத்தன்மையை 5.8-க்குக் கொண்டுவந்து, பாட்டிலில் ஊற்றி, 121 டிகிரியில் பதினைந்து இருபது நிமிடம் அழுத்தத்தில் வேகவைக்க வேண்டும். ஆட்டோகிளேவ் என்று பெரிய பெயர், வேலை என்னவோ பிரஷர் குக்கர் வேலை. எங்கள் மாணவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் குக்கரும் வைத்தே செய்தார்கள். உருளைத் தளிரை ஒரு கணு, ஓர் இலை வீதம் துண்டாக்கி, காற்றை வடிகட்டி அனுப்பும் மேடைக்குள் கை வைத்து, பாட்டிலில் நட வேண்டும். இருபத்திரண்டு டிகிரி, பதினாறு மணி நேர வெளிச்சம். மூன்று நான்கு வாரத்தில் அந்த ஒரு கணு நாலைந்து கணு உள்ள செடியாகிவிடும். வேரும் விடும், ஹார்மோன்கூடத் தேவைப்படாது. நம் எதிரி பூஞ்சை. சர்க்கரைக் கூழைக் கண்டால் அது விடுமா? ஒரு கோடையில் மின்வெட்டில் குளிர்சாதனம் நின்று, திங்கட்கிழமை அறையைத் திறந்தால் பாதி பாட்டில்களில் பச்சை வெல்வெட் விரித்திருந்தது. மாணவிகள் அழாத குறை.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும், திசு வளர்ப்பு என்றால் எல்லாம் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். கணுவை வெட்டி வளர்ப்பது ஒன்று. அதில் ஏற்கெனவே மொட்டு இருக்கிறது, அது நீள்கிறது, அவ்வளவுதான். இலையிலிருந்தோ தனிச் செல்லிலிருந்தோ புதிதாகச் செடியை எழுப்புவது வேறு. அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஷெப்பர்ட் 1977-இல் உருளை இலையின் செல்களைப் பிரித்து, அவற்றின் சுவரையும் நொதிகளால் கரைத்துவிட்டு, அந்த நிர்வாணச் செல்களிலிருந்து முழுச்செடிகளை வளர்த்தார். 1978-இல் ஜெர்மனியில் மெல்கர்ஸ் இன்னும் ஒருபடி மேலே போய் உருளைச் செல்லையும் தக்காளிச் செல்லையும் இணைத்துப் பொமேட்டோவை உண்டாக்கினார். மேலே தக்காளி, கீழே உருளை என்று பத்திரிகைகள் கொண்டாடின. சந்தைக்கு அது வரவே இல்லை. ஷெப்பர்டின் செடிகளில்தான் உண்மையான ஆச்சரியம் இருந்தது. ஒரே செடியின் இலைச் செல்களிலிருந்து வந்தவை ஒன்றைப் போல ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. உயரம், கிழங்கின் வடிவம், நோய் தாங்கும் திறன் எல்லாம் மாறியிருந்தன. புது ரகம் தேடுபவருக்கு அது வரம். விதை உற்பத்தி செய்பவருக்குச் சாபம். அதனால்தான் விதைக்கு எங்கும் கணுவைத்தான் வெட்டுகிறார்கள். மாயாஜாலம் பத்திரிகைக்கு, கணு விவசாயிக்கு.

இப்போது கணக்கு. நாலு வாரத்துக்கு நாலு மடங்கு என்று வைத்தால் ஒரு கணு ஆறு மாதத்தில் 4,096 செடி, ஒரு வருஷத்தில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல். காகிதத்தில்! மண்ணில் கிழங்கை நட்டால் ஒன்றுக்கு ஏழெட்டு கிழங்கு, அதுவும் போகத்துக்கு ஒரு முறை. அப்புறம் என்ன, பாட்டில் செடியையே வயலில் நட்டுவிடலாமே? திசு வாழை அப்படித்தான் தமிழ்நாட்டில் பரவியது. ஆறடிக்கு ஆறடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,210 வாழைக் கன்று போதும். உருளைக்கு இரண்டடி வரிசை, வரிசைக்குள் எட்டு அங்குலம் என்றால் ஏக்கருக்கு 33,000 செடி. அத்தனை பாட்டில் செடியை எந்த விவசாயி வாங்குவான்? அதனால் பாட்டில் செடியை வலைக்கூடத்தில் நட்டு நெல்லிக்காய் அளவுச் சிறுகிழங்கு எடுக்கிறார்கள். அதை மண்ணில் மறுபடி மறுபடி பெருக்கி, மூன்று நான்கு தலைமுறை கழித்துத்தான் விவசாயி கைக்கு வருகிறது. அந்த ஒவ்வொரு தலைமுறையும் மண்ணில் கழிகிறது. மண்ணில் புழு இருந்தால்? ஆய்வகத்தில் கழுவிய குழந்தையை மறுபடி சேற்றில் விடுவது போலத்தான். நீலகிரியின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது. அங்கே ஆய்வகம் கட்டலாம், விதைப்பண்ணைக்கு மண் எங்கே?

இதற்கு ஒரு பதிலை வியட்நாமில் செய்து காட்டினார்கள். தலாத் என்பது பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வெயில் தாங்காமல் கட்டிய மலையூர், அவர்களுடைய ஊட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். போர் முடிந்த ஏழை நாடு, குளிர்பதனக் கிடங்கு கிடையாது, நல்ல விதை இறக்குமதி செய்யப் பணம் கிடையாது. நுயென் வான் உயென் என்ற விஞ்ஞானி நோயற்ற உருளைச் செடிகளைக் கண்ணாடிக் குழாயில் அங்கே கொண்டுவந்து, விவசாயக் குடும்பங்களிடமே கொடுத்தார். அவர்கள் வீட்டிலேயே சிறு ஆய்வகம் வைத்துக் கணு வெட்டக் கற்றுக்கொண்டார்கள். பாட்டில் செடியை நாற்றங்காலில் தாய்ச்செடியாக வைத்து, அதன் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி வேர்விடச் செய்து, அந்த நாற்றையே பக்கத்து விவசாயிகளுக்கு விற்றார்கள். 1983-இல் உயெனும் சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தைச் சேர்ந்த வாண்டர் சாக்கும் இதை எழுதியபோது, திசு வளர்ப்பு என்பது வெள்ளை அங்கி போட்டவர்களின் வேலை என்று நினைத்திருந்த உலகம் கொஞ்சம் வியந்தது. மேலே போட்ட 33,000 செடிக் கணக்கை அவர்கள் ஆய்வகத்தில் தீர்க்கவில்லை, தோட்டத்தில் தீர்த்தார்கள். விதைக்கும் விவசாயிக்கும் நடுவே இருந்த தலைமுறைகளை வெட்டி எறிந்தார்கள்.

நம் நாட்டில் வேறு மாதிரி போனது. சமவெளியில் அசுவினி குறைவான மாதங்களில் விதைக்கிழங்கை வளர்த்து, பூச்சி பெருகுவதற்குள் தழையை அறுத்துவிடும் உத்தியைப் புஷ்கர்நாத் போன்றவர்கள் வகுத்தார்கள். மலிவான, அருமையான உத்தி. பஞ்சாபும் உத்தரப் பிரதேசமும் அதனால்தான் உருளை விதையில் தலை நிமிர்ந்தன. வடக்கே அது பலித்ததால் ஆய்வகம் அடிப்படை விதைக்கு மட்டும் போதும் என்று இருந்துவிட்டோம். அதில் தவறு சொல்ல மாட்டேன். ஆனால் குளிர்காலச் சமவெளி இல்லாத நீலகிரிக்காரனுக்கு அந்த உத்தியால் நேரடிப் பயன் இல்லை. அவனுக்குத் தலாத் வழிதான் பொருத்தம் என்பது என் எண்ணம். முத்தோரையில் விஞ்ஞானிகள் இருந்தார்கள், மலைக் கிராமங்களில் படித்த பிள்ளைகள் இருந்தார்கள். இரண்டையும் சேர்க்கத்தான் ஆள் இல்லை.

2018-இல் கதை ஒரு சுற்று சுற்றியது. அதே நூற்புழு இமாச்சலிலும் இருப்பது தெரிந்து, இமாச்சல், ஜம்மு காஷ்மீர், உத்தராகண்ட் ஆகிய மாநிலங்களிலிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோக மத்திய அரசு தடை விதித்தது. ஊட்டியின் பிரச்சினை குஃப்ரியின் பிரச்சினையானது. இப்போது மண்ணே வேண்டாம் என்ற யோசனைக்கு மதிப்பு கூடியிருக்கிறது. வேரைக் காற்றில் தொங்கவிட்டு ஊட்டநீரைப் பனியாகத் தூவி வளர்க்கும் முறையைச் சிம்லா நிறுவனம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாட்டில் செடியை இருட்டுப் பெட்டிக்கு மேல் நட்டால் வேரில் சிறுகிழங்கு தொங்கும், பறித்துக்கொண்டே இருக்கலாம். வலைக்கூடத்தைவிடப் பல மடங்கு கிடைக்கும். மண் இல்லாததால் புழுவுக்கு வழியில்லை. கர்நாடகத்தின் ஹாசன் பக்கம் கொழுந்து கிள்ளி நாற்று விடும் முறையும் அண்மையில் வந்திருக்கிறது. தலாத்தின் வழி நாற்பது ஆண்டு கழித்து நமக்குப் பக்கத்து மாநிலம் வரை வந்துவிட்டது, இன்னும் கூடலூர் வழியாக மலை ஏற வேண்டியதுதான் பாக்கி.

ஒன்றை மட்டும் ஆய்வகம் செய்யாது. சுத்தமான நாற்றைக் கொடுத்தாலும் நீலகிரி மண்ணில் கிடக்கும் உறைகள் கிடந்த இடத்தில்தான் இருக்கும். அதற்குப் பயிர் மாற்றிப் போட வேண்டும், உருளைக்கு இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி விட வேண்டும், தாங்கும் ரகம் போட வேண்டும். முட்டைக்கோஸும் கேரட்டும் பூண்டும் போட்டால் பொரிக்காத முட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கையகல நிலம் வைத்திருப்பவனிடம் மூன்று ஆண்டு பொறு என்று சொல்வது சுலபம், அவன் பொறுப்பதற்கு யாராவது காசு கொடுக்க வேண்டும்.

சிம்லாவில் ஓர் அறை இருக்கிறது. ஆறேழு டிகிரி குளிர், மங்கிய வெளிச்சம், அடுக்கடுக்காகக் கண்ணாடிக் குழாய்கள். ஊட்டத்தில் மானிட்டால் என்ற சர்க்கரை வகையைச் சேர்த்து, செடி சாகாமலும் அதிகம் வளராமலும் இருக்கும்படி செய்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டுக்கும் மேல் திறக்காமல் வைத்திருக்கலாம், பிறகு ஒரு கணுவை வெட்டிப் புதுக் குழாய்க்கு மாற்றினால் போதும். நம் நாட்டில் வெளியான ரகங்களையும் உலகின் பல மூலைகளிலிருந்து வந்த ரகங்களையும் இப்படித்தான் பாதுகாக்கிறார்கள். வயலில் எவரும் நடாத ரகங்கள்கூட அங்கே விரல் நீளச் செடிகளாக நின்றுகொண்டிருக்கின்றன, யாராவது கேட்டால் வெட்டிக் கொடுக்க ஒரு கணுவோடு.